பெட்டிக்குள் போன எழுத்து

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து ஏவன்டேலில் பேனர் அச்சடிக்கும் கடையில் எனக்கு வேலை. பாலிடெக்னிக்கில் சேர்ந்து பார்த்தேன். படிப்புக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, சண்டை போடாமல் பிரிந்துவிட்டோம். கடை முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். நான் மதுரைக்காரன். அவரை அவர் ஊர்ப் பாணியிலேயே ‘அண்ணை’ என்று இழுத்துக் கூப்பிட்டுக் கடுப்பேற்றுவது என் பொழுதுபோக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை எத்தியோப்பியாக்கார அக்கா ஒருவர் வந்தார். ஞாயிறு சந்தையில் முதன்முறையாகக் காபிக்கடை போடப் போகிறாராம். பேனரில் வைக்க வேண்டிய தன் ஊர்ப் பெயரைப் போனிலிருந்து அனுப்பினார். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்தான்.

“என் பாஷை குராகே. ஆக்லாந்துல அதைப் பேசுற ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்ல. பேனரைப் பார்த்தாவது யாராவது வரணும்” என்றார்.

கம்ப்யூட்டரில் திறந்தேன். கையைத் தூக்கியும் காலை அகட்டியும் ஆடுகிற மாதிரி எழுத்துகள். நடுவில் ஒன்று மட்டும் ஆடாமல் சதுரமாக உட்கார்ந்திருந்தது. அண்ணை எட்டிப் பார்த்தார்.

“வடிவான எழுத்தடா. எங்கட ‘ப’வுக்கு மூடி போட்ட மாதிரி.”

“ஆமா அண்ணை, உங்கள மாதிரியே அடக்கமா இருக்கு.”

அந்த அடக்கத்துக்கு மரியாதையாக அதற்கு மட்டும் தங்க நிறம் கொடுத்து, கொஞ்சம் பெரிதாக்கியும் அச்சடித்தேன்.

சனிக்கிழமை காலை அக்கா பேனரை விரித்தார். “இது என்ன, ஜன்னலா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அண்ணையும் நானும் கூடச் சேர்ந்து சிரித்தோம். அக்காதான் முதலில் நிறுத்தினார்.

“மத்த எழுத்தெல்லாம் அம்ஹாரிக்லயும் இருக்கு. இந்த ஒண்ணுதான் எங்களோடது. இது இல்லன்னா யார் என்னைத் தேடி வருவாங்க?”

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. குராகேக்கு மட்டுமே உரிய எழுத்துகளுக்கு அந்த எண் கிடைத்தது ரொம்பச் சமீபத்தில். அவர் போன் புதுசு, அதற்குத் தெரிந்திருந்தது. எங்கள் கம்ப்யூட்டர் பழசு. தெரியாத எண் வந்தால் ஒரு பெட்டியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

“அண்ணை, இதை அப்டேட் பண்ணிரவா?”

“தொடாதை! என்ர பழைய தமிழ் ஃபாண்ட் எல்லாம் போயிடும். பிறகு கோயில் நோட்டீஸை உன்ர முதுகிலயோ அடிக்கிறது?”

“பரவால்ல, திருவிழாவுக்கு நானே ஊர்வலமா வந்துர்றேன்.”

“விசர்க் கதை கதைக்காமல் வேற வழியைப் பார்!”

வீட்டுக்கு ஓடிப்போய் என் லேப்டாப்பைத் தூக்கி வந்தேன். அந்த எழுத்து இருக்கிற புது ஃபாண்டைத் தேடி இறக்கி, பெயரை மறுபடி ஒட்டினேன். பெட்டி இருந்த இடத்தில் எழுத்து நின்றது. அக்கா போட்ட கத்தலில் பக்கத்து மளிகைக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். பெயரைப் படமாக மாற்றிக் கடை மெஷினுக்கு அனுப்பினோம். தங்க நிறம் அப்படியே இருக்கட்டும் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேனர் கட்ட நானும் போனேன். காபி நன்றாக விற்றது. ஆனால் அக்காவின் கண் வாங்குகிறவர்கள் மேல் இல்லை, நடந்து போகிறவர்கள் மேல்தான்.

“கவலைப்படாதீங்கக்கா, யாரும் வரலன்னா நானே குராகே கத்துக்கிறேன்.”

“நீயா? உன் ஆங்கிலமே எனக்குப் புரியல!”

சந்தை கலைகிற நேரம். கீரைக்கட்டுகளோடு ஒரு ஆள் தாண்டிப் போனார். நின்றார். பின்னோக்கியே நடந்து வந்து, விரலை நீட்டி, ஊர்ப் பெயரைச் சத்தமாக வாசித்தார். அக்கா கையிலிருந்த கரண்டியை அப்படியே என்னிடம் திணித்துவிட்டு வெளியே பாய்ந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் பேசியதை யார் காதில் வாங்கினார்கள் என்று தெரியவில்லை. கீரை தரையில் கிடந்தது.

காபிக்கடையை அதற்கப்புறம் நான்தான் நடத்தினேன். சந்தைக்கு வந்து வரிசையில் நின்ற அண்ணை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“டேய், இது கோப்பியோ, பேனர் மையோ?”

அக்காவிடம் புகார் சொல்லப் போனார். அக்காவுக்குத் திரும்பிப் பார்க்கவே நேரமில்லை.