துரை பார்த்த வாய்க்கால்

கலெக்டர் துரை முகாம் வருகிறார் என்று தாலுகா சேவகன் சொல்லிவிட்டுப் போன நிமிஷமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயப்படக் காரணமே இல்லை. அவரை வரச்சொல்லி மகஜர் எழுதியவன் நான்தான்.

அப்போது பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் நான் கணக்குப்பிள்ளை. ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் எங்கள் ஊர் வழியாகத்தான் குளத்துக்குப் போகும். கீழத்தெரு முழுவதும் குடித்தது அந்தத் தண்ணீரை. ஊருக்கு மேற்கே, வாய்க்கால் கரையிலேயே, நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வந்தது. வேரையும் பட்டையையும் அவித்த காலம் போய், தகர டப்பாவில் வரும் சீமைச் சாயம். தொட்டியைக் கழுவிவிட்டால் தண்ணீர் ஒருநாள் சிவப்பாக ஓடும், மறுநாள் கறுப்பாக. வடிகட்டினால் துணிதான் நிறம் மாறியது. தெருப் பிள்ளைகளுக்கு வயிற்றுக்கடுப்பு ஓயவில்லை. என் மகளும் பக்கத்து வீட்டில் உழுது பிழைக்கும் சம்சாரியின் மகனும் அப்போதுதான் நடை பழகினார்கள். பழகிய நடையை இரண்டு பேரும் மறந்தே போனார்கள்.

ஆறு இரண்டு மைல் தள்ளி. பட்டறையை வாய்க்காலை விட்டு விலக்க உத்தரவு வாங்குவது ஒன்றே வழி. மகஜரை நான் எழுதினேன்; சம்சாரி வீடு வீடாக ஏறி இறங்கிக் கைநாட்டு வாங்கினார். என் கையெழுத்து மட்டும் அதில் இல்லை. சர்க்கார் சம்பளக்காரன் அல்லவா, வீரத்தை எழுத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

துரை நேரில் வந்து பார்ப்பதாக உத்தரவு வந்தது. என் பயமும் கூடவே வந்தது. துரை முகாம் என்றால் ஊரைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, வாழை நட்டு, தோரணம் கட்டுவது வழக்கம். அழுக்கு அவர் கண்ணில் பட்டால் கேள்வி கணக்குப்பிள்ளைக்கு. குதிரைக் குளம்பில் சிவப்புச் சேறு ஒட்டினால் என் வேலை போகும் என்று எந்தச் சட்டத்தில் இருந்ததோ, எனக்கு அது மனப்பாடமாகத் தெரிந்தது.

ஓடினேன். மேல்மடையைத் திறந்து புதுத்தண்ணீர் விடச் சொன்னேன். ஆள் கூட்டிக் கரைச் சேற்றை வழிக்கச் சொன்னேன். அதோடு நின்றேனா? பட்டறை முதலாளியிடமே போய் நின்றேன்.

"அண்ணாச்சி, துரை வாராரு. ரெண்டு நாளைக்குத் தொட்டியக் களுவாம இருந்தா நல்லாருக்கும்."

அவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கக் கொஞ்சம் சிரமப்பட்டிருப்பார்.

"ரெண்டு நாளென்ன வே, மூணு நாள் நிறுத்துதேன். ஆள் வேணுமா? நம்ம பட்டறைப் பயலுவளையும் கூட்டிட்டுப் போம். ஊர் மானம்லா!"

கூட்டிக்கொண்டு வந்தேன். நன்றி வேறு சொன்னேன்.

சம்சாரியும் மண்வெட்டியோடு இறங்கினார். கல்யாண வீடு மாதிரி ஒரே உற்சாகம். என் மனைவி மட்டும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள்.

"ஏங்க, துரை எதைப் பாக்க வாராரு?"

"வாய்க்காலத்தான். போ, அங்கன நிக்காத, சேறு தெறிக்கும்."

அவள் கேட்டது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

துரை வந்தார். நான் நீட்டிய எலுமிச்சம்பழம் கை தவறி, உருண்டு, அவர் பூட்ஸுக்கு முன்னால் போய் நின்றது. அதைத் தாண்டிக் கரைக்கு நடந்தார். அடி மணல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது தண்ணீர். போதாக்குறைக்கு ஒரு மீன் துள்ளியது.

துரை மகஜரைத் தட்டி ஏதோ கேட்டார். கூட வந்திருந்த கச்சேரி சிரஸ்தார் அதைத் தமிழில் சொல்ல என் பக்கம் திரும்பினார். "சாயம் எங்கே ஓய்?"

வழித்த சேறு தோப்புக்குப் பின்னால் குவியலாகக் கிடந்தது. கையைக் காட்டினால் போதும். ஊரார் என் வாயையே பார்த்தார்கள். துரை முன்னால் கணக்குப்பிள்ளை பேசாமல் அவர்கள் பேசமாட்டார்கள். எனக்கோ, சேற்றை ஒளித்ததற்கு என்ன தண்டனை என்று மனசுக்குள் விசாரணையே நடந்துகொண்டிருந்தது.

"துரை சமூகத்துக்குத் தெரியாதது ஒன்றுமில்லை" என்றேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துரைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, மகஜர் விரோதத்தால் எழுதப்பட்டது என்று குறிப்பு எழுதிவிட்டுக் குதிரை ஏறினார்.

மறுநாள் வாய்க்கால் கறுப்பாக ஓடியது.

அந்தக் கோடை முழுவதும் என் மனைவி ஆற்றுக்கு நடந்து குடம் சுமந்தாள். எனக்கு அதில் பங்கில்லை. "நீங்க துரை பாத்த தண்ணியக் குடியுங்க" என்றாள். மகள் பிழைத்தாள். சம்சாரியின் மனைவி வயிற்றுப்பிள்ளைக்காரி, அவளால் நடக்க முடியவில்லை. என் மனைவி கொடுத்தது போக மற்றதெல்லாம் வாய்க்கால் தண்ணீர்தான். ஆனி பிறக்குமுன் அவர்கள் மகன் போய்விட்டான்.

காரியம் முடிந்ததும் சம்சாரி வந்து இன்னொரு மகஜர் எழுதச் சொன்னார். இந்தத் தடவை என் கையெழுத்தையும் போட்டேன். திரும்பி வந்தது. நேரில் பார்த்தாகிவிட்டது, மறுபடி பார்க்க அவசியமில்லை என்று எழுதி, துரையின் குறிப்புக்கு ஒரு நகலும் வைத்திருந்தார்கள். சம்சாரிக்கு எழுத்து தெரியாது. நான்தான் வாசித்தேன், "தெளிவாக" என்ற வார்த்தை வரை.

"என்னைய நாலு வசவு வையும் வே" என்றேன்.

"உம்மைய வஞ்சு என்ன செய்ய? நீரு வாயால சொன்னீரு. மம்பட்டி பிடிச்சது நான்லா? எங்க வீட்டுக்கு நேரா கெடந்ததத்தான் மொதல்ல வளிச்சேன், கொஞ்சங்கூட விடாம."

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, மடியில் செருகிக்கொண்டு போனார். வாசிக்கத் தெரியாதவருக்கு அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.