பாதித் தலையோடு ஒரு புதன்கிழமை

வெர்லீன் டாலிவர் அதிகம் பேசமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல எழுந்தால்கூட, கர்த்தர் நல்லவர் என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தால் போதும், அது தபால் நிலையமாக இருந்தாலும் கேட்க வந்ததை மறந்துவிடுவாள். ஆனால் கண் கூர்மை. அமெரிக்காவின் தெற்கே எங்கள் மேக்கன் ஊரில், அவள் நடத்தும் தலை பின்னும் கடை நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தால், முதல் வகிடு எடுப்பதற்குள் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று வெர்லீனுக்குத் தெரிந்துவிடும். கேட்கத்தான் மாட்டாள்.

ஒரு விஷயத்தை மட்டும் கேட்பாள். பள்ளியில் கடைசி வருடம் படிக்கிற பெண் என்றால், கல்லூரிக்கு எழுதிப் போட்டாயா, உதவித்தொகை மனு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்காமல் சீப்பைக் கையில் எடுப்பதில்லை. சின்னச் சின்னப் பின்னலாகத் தலை முழுக்கப் பின்ன ஆறு மணி நேரம் ஆகும். அந்த ஆறு மணி நேரமும் பிள்ளை எழுந்து ஓட முடியாது. மனுத் தாளை அட்டையில் செருகிப் பேனாவோடு மடியில் வைத்துவிடுவாள். பெற்றோரின் வரிக் கணக்கைக் கேட்கும் பக்கம் வந்து விழித்தால், பக்கத்து நாற்காலியில் தலையை உலர்த்திக்கொண்டிருக்கும் யாராவது ஒரு அம்மாள் சொல்லிக்கொடுப்பார். தனக்குப் புரியாத தாள் என்றாலும், அதைப் புரிந்தவள் எந்தக் கிழமை தலை பின்ன வருவாள் என்பது வெர்லீனுக்குத் தெரியும். இப்படிப் பதினோரு வருடத்தில் அந்த நாற்காலியிலிருந்து கல்லூரிக்குப் போன பெண்கள் முப்பதுக்கு மேல்.

ஆகஸ்ட் வந்தால் கடை நிரம்பிவிடும். புது ஊரில் தலை பின்னுகிற ஆள் கிடைக்கும்வரை தாங்க வேண்டும் என்று, கிளம்புகிற வாரத்தில் எல்லாப் பெண்களும் பின்னிக்கொண்டு போவார்கள். அந்த வாரம் கடையில் ஒரே பேச்சுதான். விடுதி அறையில் கூட இருக்கப்போகிறவள் எந்த ஊர், இரண்டு பேரும் ஒரே நிறத்தில் போர்வை வாங்குவதா வேண்டாமா, ஜன்னல் எந்தப் பக்கம்.

அந்தப் புதன்கிழமை காலை நாற்காலியில் இருந்தவள் ஜனேயா. அவள் வீட்டில் கல்லூரிக்குப் போகிற முதல் ஆள். அம்மா லடோன்யா கோழி வெட்டும் ஆலையில் பகல் வேலை. சனிக்கிழமை ஜனேயா விடுதிக்குப் போக வேண்டும். இரண்டு மணி நேரத் தூரத்தில், எங்கள் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்றே நூறு வருடத்துக்கு முன்னால் கட்டிய கல்லூரி. பெட்டிகூட வாங்கியாகிவிட்டது.

பாதித் தலை முடிந்திருந்தது. ஜனேயா போர்வையைப் பற்றியும் பேசவில்லை, ஜன்னலைப் பற்றியும் பேசவில்லை. வெர்லீனின் விரல்கள் நின்றன.

"உன் கூட ரூம்ல யாரு?"

"இன்னும் சொல்லல, மிஸ் வெர்லீன்."

"எந்த பில்டிங்?"

"அதையும் சொல்லல."

"கடைசியா காலேஜ்லேர்ந்து உனக்கு எப்போ சேதி வந்துச்சு?"

"மே மாசம். அப்பறம் ஒண்ணும் வரல. ஒண்ணும் வரலன்னா எல்லாம் சரியா இருக்குன்னுதானே அர்த்தம்?"

முடி உலர்த்தும் இயந்திரத்தின் கீழே இருந்த பழைய வாடிக்கைக்காரி மிஸ் எர்னஸ்டீன் தலையை வெளியே நீட்டினார். "கரண்டு பில்லு வரலன்னதும் எம் புருஷனும் அப்படித்தான்டி நெனச்சாரு. லைட்டு அணையற வரைக்கும் நிம்மதியா உக்காந்திருந்தாரு."

கடை சிரித்தது. வெர்லீன் சிரிக்கவில்லை. கல்லூரிக்கு எந்த மின்னஞ்சல் முகவரி கொடுத்தாய் என்று கேட்டாள். ஜனேயா தொலைபேசியைத் திருப்பிக் காட்டினாள். பள்ளியில் கொடுத்த முகவரி. விண்ணப்பம் போட்டதெல்லாம் வகுப்பறைக் கணினியில். எல்லாரும் அதைத்தான் கொடுத்தார்கள். பள்ளி முடித்த பிள்ளைகளின் முகவரிகளை ஜூன் மாதம் மூடிவிடுவார்கள். பழைய கடிதங்கள் அவள் தொலைபேசியில் அப்படியே தெரிந்ததால், அந்த முகவரி மூடிக் கிடப்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கல்லூரியைக் கூப்பிட்டார்கள். காத்திருக்கச் சொல்லி முக்கால் மணி நேரம் இசை ஓடிற்று. பிறகு ஒரு பெண் குரல் வந்து நிதானமாகச் சொன்னது. ஐந்து தடவை எழுதியும் பதில் இல்லாததால் விடுதி இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. தடுப்பூசிச் சான்று வரவில்லை. அது இல்லாதவர்களின் பெயரை இன்று மாலை ஐந்து மணிக்கு வகுப்புகளிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஜனவரியில் மறுபடி சேரலாம்.

ஜனேயா தொலைபேசியை மடியில் வைத்தாள். ஜனவரியில் போகிறேன், பரவாயில்லை என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிடரி இறுகியது வெர்லீனின் விரலுக்குத் தெரிந்தது.

"ஜனவரின்னு சொன்ன பிள்ளைங்க தலைய நான் இன்னும் பின்னிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் வெர்லீன். "இங்கயேதான். எந்திரி."

"எங்க?"

"காலேஜுக்கு."

"பாதித் தலையோடயா?"

"பாதித் தலையோடதான்."

எங்கள் ஊரில் ஒரு பெண் பாதித் தலையோடு தெருவில் இறங்குவது சாதாரண விஷயம் இல்லை. குப்பை போடக்கூடப் போகமாட்டாள். ஜனேயா பட்டுத் துணியை எடுத்துக் கட்டிப் பார்த்தாள். பின்னல் முடிந்த பக்கம் மேடும் மற்றப் பக்கம் பள்ளமுமாக, துணி நழுவிக்கொண்டே இருந்தது. மிஸ் எர்னஸ்டீன் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். ஈஸ்டருக்கு வாங்கியது, இறகோடு திருப்பிக் கொண்டுவா என்றார். கடையையும் அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

தடுப்பூசிச் சான்று கொடுக்க வேண்டிய பள்ளிச் செவிலியர் விடுமுறையில். ஆனால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இருக்கும் ராசலிண்ட் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை தலை பின்ன வருபவள். பதினைந்து நிமிடத்தில் ஊசி போட்ட விவரம் முத்திரையோடு கையில் வந்தது. வேலை முடியும்வரை லடோன்யாவின் தொலைபேசி ஆலை அலமாரியில் பூட்டியிருக்கும். மேற்பார்வையாளரிடம் சேதி சொல்லிவிட்டு, ஒரு மணிக்கு வண்டியை எடுத்தார்கள்.

வழியெல்லாம் வெர்லீன் அங்கே போய் என்ன கேட்பது என்று மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். அடுக்கியதெல்லாம் சரிந்தது. பிள்ளையே பேசிக்கொள்வாள், நாம் ஓட்டிக்கொண்டு போனால் போதும் என்று கடைசியில் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு வரிசையில் நின்றார்கள். நாலேகாலுக்குக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் தாளை வாங்கிப் பதிந்தாள். வகுப்புகள் தப்பின. ஜனேயா வெர்லீனின் கையைப் பிடித்து அமுக்கினாள்.

விடுதி அலுவலகம் எதிர்க் கட்டடத்தில். அங்கே மிஸ்டர் கிரேடி என்பவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, களைத்த முகம், மேசையில் ஆறிப்போன கோழி இறக்கை வறுவல். ஜனேயா எல்லாவற்றையும் மரியாதையாகச் சொன்னாள். அவரும் மரியாதையாகவே, ஒரு கட்டில்கூட இல்லை என்றார். இரண்டு மணி நேரத் தூரம், வீட்டில் ஒரே வண்டி, அதிலும் அம்மா வேலைக்குப் போக வேண்டும். கட்டில் இல்லையென்றால் காப்பாற்றிய வகுப்புகளால் ஒரு பயனும் இல்லை. ஜனேயா தலையைக் குனிந்தாள். தொப்பியின் இறகு ஆடிற்று.

மிஸ்டர் கிரேடி வெர்லீனைப் பார்த்து, நீங்கள் அம்மாவா என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள்.

"ஸ்கூல்ல கவுன்சிலரா?"

"இல்லீங்க. நான் இவளுக்குத் தலை பின்னுறவ."

அவர் தொப்பியைப் பார்த்தார். வெர்லீன் அதை எடுத்துக் காட்டச் சொன்னாள். ஜனேயா எடுத்தாள். ஒரு பக்கம் சவுரி சேர்த்து இடுப்புவரை பின்னல், மறுபக்கம் நிமிர்ந்து நின்ற முடி. அவருக்கும் மகள்கள் இருந்திருக்க வேண்டும். கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வெர்லீன் பேசியதுதான் அவள் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு.

"நீங்க அனுப்புன அஞ்சு லெட்டரும் பூட்டுன வீட்டுக்குப் போயிருக்குங்க. இவ சோம்பேறி இல்ல. ஸ்கூல்ல குடுத்த அட்ரஸ், ஜூன்ல மூடிட்டாங்க. பதில் வராதவங்க பேரெல்லாம் ஒரு லிஸ்ட்டா உங்ககிட்ட இருக்குமில்ல? அத எடுங்க. அதுல எத்தன அட்ரஸ் ஸ்கூல் அட்ரஸ்னு பாருங்க. நான் வெளியில நிக்கிறேன்."

வெளியில் போகவில்லை. அங்கேயே நின்றாள். அவர் திரையைத் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபத்தொரு பெயர். பதினான்கு பள்ளி முகவரி. இரண்டாம் முறையும் எண்ணினார்.

"இவங்கெல்லாம் வேற காலேஜ் போயிட்டாங்கன்னு நாங்க நெனச்சோம்," என்றார்.

"அவங்க எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்காங்க."

மணி நாலு நாற்பது. அவர் எதிர்க் கட்டடத்தைக் கூப்பிட்டு, அந்தப் பதினான்கு பெயரையும் வெள்ளிக்கிழமைவரை எடுக்கவேண்டாம் என்று சொன்னார். மறுமுனை ஏதோ முணுமுணுத்தது. இவர் விடவில்லை. பிறகு மூன்றாம் மாடியில் படிப்பறைகளாகக் கிடக்கும் கூடங்கள் ஒவ்வொன்றிலும் நாலு கட்டில் போடலாம் என்று, யாரையும் பார்க்காமல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் ஒரு கட்டிலுக்கு ஜனேயா கையெழுத்துப் போட்டாள். புது முகவரி ஒன்றை அங்கேயே உருவாக்கி எழுதிக் கொடுத்தாள். அவர்கள் வெளியே வரும்போது மிஸ்டர் கிரேடி இரண்டாவது பெயருக்குத் தொலைபேசி போட்டுக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தில் எல்லாருடைய எண்ணும் முதலிலிருந்தே இருந்தது.

மீதித் தலையை வெர்லீன் வியாழக்கிழமை காலை முடித்தாள். ஜனேயா மூன்று மணி நேரமும் ஓயாமல் பேசினாள். நாலு பேருக்கு ஒரே ஜன்னலாம். பதினான்கு பேரில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று வெர்லீனுக்கு நெடுநாள் தெரியாது. பதினொன்று என்று கிறிஸ்துமஸுக்குத் தலை பின்ன வந்த ஜனேயா சொன்னாள்.

மறு வருடம் மே மாதத்திலிருந்து, கல்லூரிக்குப் போகிற பெண் நாற்காலியில் உட்கார்ந்தால், பள்ளி மின்னஞ்சலை விட்டுச் சொந்த முகவரிக்கு மாற்றிக் காட்டினால்தான் முதல் வகிடு என்று வெர்லீன் விதி வைத்தாள். மிஸ் எர்னஸ்டீன் இதைக் கேலி செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருந்தார். ஜூன் முதல் வாரம் ஒரு மத்தியானம், கடையில் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வெர்லீன் மிஸ்டர் கிரேடியின் எண்ணைப் போட்டாள்.

"வெர்லீன் டாலிவர் பேசுறேன், மேக்கன்லேர்ந்து," என்றாள். "இந்த வருஷம் உங்ககிட்ட ஒன்பது பிள்ளைங்க வருது. யாரு கூட பேசணுமோ அவங்கள லைன்ல குடுங்க, பேரு சொல்றேன்."

நானே எழுதிக்கொள்கிறேன், சொல்லுங்கள் என்றார் அவர்.

அவள் ஒன்பது பெயரையும், ஒவ்வொரு பெயரோடும் அந்தப் பிள்ளையின் அம்மாவுடைய தொலைபேசி எண்ணையும், தாளைப் பார்க்காமல் சொன்னாள்.