மூடக்கூடாத லேப்டாப்

என் கடையில் இரண்டு லேப்டாப் உண்டு. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு பொதிச்சோறு அளவுக்குத்தான் வரும். ஊரடங்குக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்று வீட்டுக்கு வீடு வாங்கி, பள்ளிக்கூடம் திறந்ததும் கட்டிலடியில் தள்ளிய சாதி அது. அப்படித் தள்ளியதில் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, கேரள எல்லையோரம் பாறசாலையிலிருந்து குளத்தூர் போகிற வழியில் ஒரு ஜங்ஷனில், போட்டோஸ்டாட் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். ‘எல்லா ஆன்லைன் விண்ணப்பங்களும் செய்து கொடுக்கப்படும்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் போர்டு எழுதினேன். எல்லா என்று எழுதியிருக்க வேண்டாம்.

ஒருநாள் காலையில் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. உள்ளே ஓடுகிற சிஸ்டத்தைக் கம்பெனி இனிமேல் கவனிக்காதாம், புதியதுக்கு மாறிக்கொள்ள வேண்டுமாம். சரி, மாறுவோம் என்று அமுக்கினால் இன்னொரு அறிவிப்பு. புதியது ஓடுவதற்கு இந்த மிஷினுக்குத் தகுதி போதாது. ஐம்பது வயதில் டாக்டர் என்னிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய சிஸ்டத்தில் ஓட்டை விழுந்து அது வழியாகத் திருடன் வருவான் என்று எங்கேயோ படித்துவிட்டு, சாயங்காலம் கடையின் பின்கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துப் பூட்டினேன். திருடன் எந்த வழியாக வருவான் என்று எனக்குத் திட்டமாகப் புரியவில்லை.

பிறகு மலையாளத்தில் ஒருத்தர் வீடியோ போட்டிருந்ததைப் பார்த்து, தகுதி போதாத மிஷினை ஏமாற்றிப் புதிய சிஸ்டத்தை உள்ளே ஏற்றினேன். மூன்று நாள் ஆனது. இரண்டில் ஒன்று அந்த வைத்தியத்திலேயே போய்ச் சேர்ந்தது. காகிதம் பறக்காமலிருக்க இப்போது அதை மேலே வைக்கிறேன். அதற்கும் கனம் போதவில்லை.

மற்றது பிழைத்தது. சத்தம் போய்விட்டது, அதனால் எனக்கு நஷ்டமில்லை. இன்டர்நெட் பிடிக்கப் பக்கவாட்டில் ஒரு டாங்கிளைச் செருக வேண்டும், அதுவும் சரிதான். ஒன்றே ஒன்றுதான் சரிப்படவில்லை. மூடியை மூடினால் தூங்கிவிடும். தூங்கினால் எழும்பாது. ஆஃப் செய்து போட்டால் முக்கால் மணிநேரம் கெஞ்சினால் வரும், சிலநாள் வராது. யாரிடமாவது கேட்கலாம் என்றால், உன்னை யார் அதை ஏற்றச் சொன்னது என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் மூடுவதில்லை, ஆஃப் செய்வதுமில்லை. சாயங்காலம் மனைவி ஸ்கூட்டர் ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்து திறந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு போவேன். டீக்கடைக்காரர் தினமும் பார்ப்பார்.

“எலே, ரோட்டுல போகும்போதும் வேலையா? கலெக்டருக்குக்கூட இவ்வளவு திரக்கு கிடையாதாக்கும்.”

இப்படி ஏழெட்டு மாதம் ஓட்டினேன். அதை ஓட்டினேன் என்பதைவிட அதற்குக் காவல் இருந்தேன் என்பதே சரி. மின்சாரம் போனால் நெஞ்சு அடிக்கும். ஓணான் மேஜையில் ஏறினால் நெஞ்சு அடிக்கும். அலுத்துப்போனது.

அந்தப் பெண் வந்தது ஒரு மத்தியானம் மூன்றரை மணிக்கு. பொழியூர்க் கடற்கரைக்காரி, கணவர் வள்ளத்தில் போகிறவர். அவளுடைய வார்டு அங்கன்வாடியில் ஹெல்ப்பர் லீவு எடுக்கும்போதெல்லாம் இவள்தான் போய்ப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைப்பாள். பல வருஷமாக அப்படித்தான். இப்போது நிரந்தர வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். வில்லேஜ் ஆபீஸில் சான்றிதழ் அன்று மத்தியானம்தான் கையில் கிடைத்தது. சைட் சாயங்காலம் ஐந்து மணிக்கு அடைத்துவிடும். அடுத்தமுறை கேட்கும்போது அவளுக்கு வயது தாண்டியிருக்கும்.

“இன்னைக்கு விட்டா பிறகு எனக்கு இல்ல, அண்ணா,” என்றாள். அழுகிற குரலில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள்.

“நான் இருக்கேன்லா, மக்கா,” என்றேன். இந்தச் சொல்லை நான் எப்போது சொன்னாலும் மனைவிக்குப் பயம் வரும்.

பாதி விண்ணப்பம் நிரப்பியாயிற்று. அப்போது வெளியே சவம் வந்தது. முப்பது வருஷம் எங்கள் ஜங்ஷனில் சுமடு தூக்கியவர். எங்கள் பக்கத்தில் சவம் போகும்போது கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். யாருடைய சவமானாலும் சரி, சங்கு ஊதி வந்தாலும் சரி, சிலுவை முன்னால் வந்தாலும் சரி. நானும் ஷட்டரை இறக்கி வெளியே போய் நின்றேன். பாதி ஜங்ஷன் சவத்தோடு நடந்தது. அவர் என் கடைக்கு வந்து போட்டோஸ்டாட் எடுத்தால் ஒரு காப்பி அதிகம் கேட்பார். அதை நினைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றுவிட்டேன்.

திரும்பி உள்ளே குனிந்து நுழைந்தேன். விளக்கு அணைந்திருந்தது. ஃபேன் நின்றிருந்தது. அவள் தலையில் முக்காடிட்டு நின்றாள். மேஜைமேல் லேப்டாப் மூடியிருந்தது.

“வெளிச்சம் அடிச்சிட்டே இருந்தது, அண்ணா. மரிச்ச ஆளு போகும்போது அது சரியில்லல்லா. விளக்க அணைச்சிட்டு இதையும் மடக்கி வச்சேன்.”

லேப்டாப்பைத் திறந்தேன். கறுப்பு. பொத்தானை அமுக்கினேன். பத்துதரம் அமுக்கினேன். கவிழ்த்துப் போட்டுத் தட்டினேன். ஓரத்து ஓட்டைகளில் ஊதினேன், ஏன் ஊதினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பேட்டரியைக் கழற்றலாம் என்று ஸ்க்ரூ டிரைவர் எடுத்தால் ஒரு ஸ்க்ரூ பறந்து மேஜைக்கடியில் போனது. தவழ்ந்துபோய்த் தேடினேன். அங்கே கிடந்தபடியே செங்கல் ஊர்க் கோயில் சிவனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். வெளியே வந்து பொத்தானை அமுக்கியும் ஒன்றும் ஆகாததால் மூன்றாக்கினேன். அவள் அந்தோணியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தகுதி போதாத மிஷின் விஷயத்தில் இந்தச் சாமிகளும் கம்பெனி மாதிரிதான் போல.

“கேடாகிட்டா, அண்ணா?”

“இல்ல இல்ல. இப்ப வந்திரும். தூங்குது.”

“எவ்வளவு நேரம் தூங்கும்?”

எதிர்க்கடையில் நல்ல கம்ப்யூட்டர் உண்டு. அதை நான் வருஷக்கணக்காகக் கேலி செய்திருக்கிறேன், இருந்தாலும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஷட்டர் முழுக்க இறங்கியிருந்தது. கடைக்காரர் மரித்தவருக்கு மச்சினன். மயானத்துக்குப் போய்விட்டார். பாறசாலைக்குப் போகலாம் என்றால் ஊர்வலம் ரோட்டை அடைத்திருந்தது, பஸ் எல்லாம் நின்றிருந்தன. மணி நாலே கால்.

மறுபடி உள்ளே வந்து, என் போனை எடுத்து, தூங்குகிற லேப்டாப்பை எழுப்புவது எப்படி என்று அதே மலையாளக்காரரின் வீடியோவைத் தேடினேன். அவர் முதலில் எல்லாருக்கும் நமஸ்காரம் சொன்னார். பிறகு அவருடைய பழைய வீடியோக்களைப் பற்றிச் சொன்னார். நான் வேர்த்து ஒழுகிக்கொண்டு கேட்டேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா.”

“சும்மா நில்லு, மக்கா. இப்ப சொல்லப்போறாரு.”

“இல்ல, இந்தப் போன்ல அந்த சைட்டு வராதா?”

இதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக் கடை நடத்துகிறேன். போனில் சைட்டைத் திறந்தேன். வந்தது.

முதலிலிருந்து நிரப்பினோம். என் அவசரத்தில் அவளுடைய பிறந்த மாதம் மூன்றுதரம் மாறியது. அவள் போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, தானே அடிக்க ஆரம்பித்தாள். நான் சான்றிதழ்களை வரிவரியாக வாசித்தேன். வெளியே வெளிச்சத்தில் பெஞ்சைப் போட்டு ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தோம். பெரிசாக இருக்கிறது என்று சைட் தள்ளியது, அளவைக் குறைத்து மறுபடி ஏற்றினோம். ரகசிய எண் அவளுடைய பொத்தான் போனுக்கு வரவேண்டும். சிக்னலுக்காக அவள் ரோட்டோரம் போய் அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றாள். மயானத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் அவளை விலகிப்போனார்கள். வந்த எண்ணை அங்கிருந்தே உரக்கச் சொன்னாள். ஜங்ஷன் முழுக்கக் கேட்டிருக்கும்.

ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது. கீழே ஒரு நீளமான எண்.

“பிரிண்ட் தருவியளா?” என்றாள்.

பிரிண்டர் லேப்டாப்போடு கட்டியது. போன் சொன்னால் கேட்காது. அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் தாளைப் போன் திரைக்குப் பக்கத்தில் வைத்து, விரலை ஒவ்வொரு இலக்கத்திலும் ஊன்றி, உதடு அசைய வாசித்தாள். நடுவில் நின்றாள்.

“இது ஒண்ணு இல்ல, அண்ணா. ஏழாக்கும்.”

என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அடித்துத் திருத்தினாள். மறுபடி முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் பார்த்துவிட்டு, தாளைச் சான்றிதழ்களோடு பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.