அப்பா நடத்திய நேர்காணல்

எங்கள் மலையில் இருக்கும் தானா ராத்தா டவுனில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டிருந்தேன். நேர்காணலுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எனக்கோ பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். கல்லூரியில் பேச்சுத் தேர்வில் சிரித்தே மதிப்பெண் இழந்தவள் நான்.

"வீட்லயே ஒருவாட்டி செஞ்சு பாத்துருவோம் லா" என்றார் அப்பா. அவர் எங்கள் எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் லோரி ஓட்டுகிறார். கைலிக்கு மேல் வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்கு வாங்கிய டை, முகத்தில் மானேஜர் களை. நாற்காலியில் அமர்ந்து, "உள்ள வரலாம்" என்றார். நான் உள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன். வெளியே போய் மறுபடி வந்தேன்.

"ஒங்கள எதுக்கு நாங்க வேலைக்கு எடுக்கணும்?"

மனப்பாடம் செய்த ஆங்கிலப் பதிலைத் தொடங்கினேன். கைலிக்குக் கீழே அவருடைய கால் கட்டைவிரல் ஆடுவது கண்ணில் பட்டது. அவ்வளவுதான், வெடித்துச் சிரித்துவிட்டேன்.

"நீங்க போலாம். அடுத்த ஆள்!"

கெஞ்சிப் பார்த்தேன். அவர் என்னைத் தெரியாதவர்போல ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்தார். கொழுந்து பறித்துவிட்டு வந்து குளித்து, தலை துவட்டிக்கொண்டிருந்த அம்மா, ஈரத் துண்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த ஆள் நான்தான், துரை."

அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வேலை செஞ்ச அனுபவம் இருக்கா?"

"ஒரே ஆளுகிட்டதான். ரொம்ப வருசமா."

"அந்த ஆளு எப்படி?"

"சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் சரியா வந்துருவாரு லா."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சரி, வேலை குடுத்தாச்சு. ஏதாச்சும் கேக்கணுமா?"

"எனக்கு எப்போ லீவு?"

மானேஜர் டையைத் தளர்த்தினார். எழுந்து அடுப்படிக்குப் போனார். அன்றைக்குச் சமையல் அவருடையது. சார்டின் மீன் குழம்பில் உப்பு கரித்தது. எல்லாரும் தட்டைக் காலி செய்தோம்.

ஹோட்டலில் என்னைக் கேள்வி கேட்டவர் ஒரு மலாய் அம்மையார். என் ஆங்கில மனப்பாடத்தைப் பாதியில் நிறுத்தி, மலாயில் கேட்டார்: "சுடுதண்ணீர் வரவில்லை என்று விருந்தினர் சத்தம் போட்டால் என்ன செய்வாய்?"

நான் சிரித்துவிட்டேன். பயந்தால் இப்படித்தான் ஆகும் என்று உண்மையைச் சொன்னேன்.

"விருந்தினர் முன்னாலும் சிரிப்பாயா?"

"சுடுதண்ணீர் வந்த பிறகு சிரிப்பேன்."

அவர் முகம் அசையவில்லை. வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

சில நாள் கழித்து, கைப்பேசியை வீட்டிலேயே மறந்துவிட்டுக் கியா பார்ம் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். திரும்பியதும் அம்மா சொன்னாள்: "ஒன் ஹோட்டல்லேர்ந்து போன் வந்துச்சு. இன்னொரு எடத்துலயும் ஒன்னயக் கேக்குறாங்க, யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லிட்டேன்."

"எந்த எடத்துலம்மா?"

"இங்கதான். பாத்திரம் கழுவ."

அந்த எண்ணுக்கு அழைத்தேன். "அங்கே சரி என்று சொல்லிவிட்டாயா?" என்றுதான் அம்மையார் முதலில் கேட்டார். இல்லை என்றேன். "சொல்லாதே. திங்கட்கிழமையே இங்கே வந்துவிடு."

கைப்பேசியை வைத்ததும், "என்னா சொல்றாங்க?" என்று ஒன்றும் அறியாதவள்போல அம்மா கேட்டாள்.