மூக்கைப் பொத்தாத எம்.எல்.ஏ.

ஆம்பூரில் எங்கள் தெரு தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்தது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். போன தேர்தலில் வந்த ஓர் ஒல்லி வேட்பாளர் மட்டும் பொத்தவில்லை. தோல் ஊறும் தொட்டியருகே நின்று டீ குடித்தபடி, உங்கள் தெருவுக்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கு வேலை என்று நிதானமாகப் பேசினார். நம்ம மனுஷன் என்று தெருவே அவருக்கு ஓட்டுப் போட்டது.

ஜெயித்தபின் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஊரின் மறுகோடியில் எழும்பின. வேலை எங்கேயும் வரவில்லை. அவரிடமே நேரில் போய்க் கேட்டேன்.

"இன்னா சார், எங்க தெருவுக்குன்னுதானே சொன்னீங்க?"

"அந்த நாத்தத்துல டாக்டரு, வாத்தியாரு யாரும் வர மாட்டேன்றாங்கப்பா. அவ்ளோ நாறும்னு எனக்கு எங்கப்பா தெரியும்? எனக்குச் சின்ன வயசுலயே ஜுரத்துல மூக்கு போய்ட்டுது. எந்த வாசனையும் தெரியாது."

அந்த மூக்கை நம்பித்தான் நாங்கள் ஓட்டுப் போட்டிருந்தோம்.