நாரத்தந்தோலும் தணிகை மாமாவின் நெஞ்சும்

நாரத்தந்தோல் காய்வது முதலில் மூக்குக்குத் தெரியாது, தொண்டைக்குத்தான் தெரியும்; மூச்சை இழுத்தால் நாக்கின் அடியில் லேசாகக் கசக்கும், அப்புறம்தான் ஆரஞ்சுத் தோலை வேப்பிலையோடு சேர்த்துக் கசக்கியது போல ஒரு வாசம் வரும். புனேயில், சாங்வியில், நாங்கள் வாடகைக்கு இருந்த இரண்டு அறை வீட்டின் ஜன்னல் திட்டில் தாம்பாளத்தை வைத்து அம்மா அதைக் காயவைப்பாள். கட்கி பஜாரில் நம் ஊர்க்காய்கள் வந்து இறங்கும் நாளில் அப்பா ஃபேக்டரி விட்டு வரும்போது நாரத்தங்காய் வாங்கி வருவார். அம்மா பாதியை அப்படியே உப்பில் போடுவாள், மீதியின் தோலைச் சீவி வெயிலில் வைப்பாள். குமட்டல், வாய்க்கசப்பு, சாப்பாடு இறங்காதது எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே பெயர் "பித்தம்". அதற்கு ஒரே மருந்து அந்தத் தோல்.

பிள்ளைகளே, பெரியவன் ஜிம்மிலிருந்து கொண்டுவந்த டப்பாவை ஏன் பிடுங்கி வைத்தாய் என்று என்னைக் கேட்டீர்கள். அதன் முதுகில் பொடி எழுத்தில் இந்தத் தோலின் சாரமும் காபிச் சத்தும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருந்தன. படித்ததும் எனக்குத் தொண்டை கசந்தது. அதற்குக் காரணம் உங்கள் தணிகைத் தாத்தா, அதாவது என் தாய்மாமன்.

தணிகை மாமா குடியாத்தம் பக்கத்திலிருந்து பத்தாவது முடித்ததும் அக்கா வீடே கதி என்று எங்களோடு வந்து தங்கியவர். அவருக்கு இருந்தது ஒரே ஆசை, பட்டாளம். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் கழிந்திருக்கும், நான் ஆறாவது படித்தேன். பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதை அங்கே "பர்த்தி" என்பார்கள். அந்த வருடப் பர்த்தியை விட்டால் மாமாவுக்கு வயது தாண்டிவிடும். ஓட்டத்தில் குறையில்லை. அம்மாவின் சாப்பாடுதான் வயிற்றில் கொஞ்சம் தங்கிவிட்டது, எடை இறங்க மறுத்தது.

எங்கள் தெரு முனையில் குஸ்தி பழகும் பழைய கொட்டகை ஒன்று இருந்தது, "தாலீம்" என்று பெயர். அங்கே எடை தூக்கச் சொல்லிக்கொடுத்த இளைஞரை எல்லோரும் "பாவு" என்பார்கள், மராட்டியில் அண்ணன் என்று பொருள். அவர்தான் மாமாவுக்கு ஒரு மாத்திரை டப்பா கொடுத்து, கொழுப்பைக் கரைத்துவிடும், வெறும் பழத்தோல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியனுப்பினார். டப்பாவின் மேல் பச்சை இலையோடு ஒரு பழம் படம்.

அம்மா சந்தேகப்படாமல் இல்லை. ஒரு மாத்திரையின் கூட்டைப் பிரித்து உள்ளே இருந்த பொடியைத் தட்டில் கொட்டி, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் சுளித்து, பிறகு சிரித்தாள்.

"அட, நம்ம நாரத்தந்தோலுடா தணிகா. இத்தையா கடையில போயி வாங்கினே? ஜன்னல்ல காயுது பாரு, எடுத்துத் தின்னு."

அப்பா விடவில்லை. "பட்டாளத்துக்குப் போறவன், மாசமா இருக்கிற பொம்பள மாதிரி நாரத்தங்காயைத் தேடுறான்யா" என்றார். மாமாவும் சேர்ந்து சிரித்தார். அந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்ததில் எனக்கு நினைவிருக்கும் கடைசிச் சிரிப்பு அதுதான்.

அதற்குப் பிறகு மாமா வேறு ஆளாகிக்கொண்டே வந்தார். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, மேலே அம்மாவின் கெட்டிக் காபி, பிறகு ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டம். எடை என்னவோ இறங்கியது, பாதிச் சோற்றை அவர் தட்டிலேயே விட்டுக்கொண்டிருந்தார். காபி டம்ளரை டபராவில் வைக்கும்போது அது தானாக நடுங்கிக் கிணுகிணுக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார். சட்டைப் பை மட்டும் உள்ளே ஏதோ பிராணி மாட்டிக்கொண்டது போலத் துடித்துக்கொண்டிருக்கும். நான் எதிரே உட்கார்ந்து அந்தப் பையையே பார்ப்பேன், பார்க்கப் பார்க்க என் நெஞ்சும் அதோடு ஓடத் தொடங்கும். பர்த்திக் கவலையில் பித்தம் ஏறிவிட்டது என்று அம்மா முடிவு கட்டி, காய்ந்த தோலைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரையும் கொடுத்தாள். தம்பி மேல் இருந்த பாசத்தில்தான் கொடுத்தாள்.

பர்த்தி நாளில் மாமா ஓட்டத்தில் முதல் ஆட்களில் ஒருவராக வந்தாராம். அடுத்து உடம்புப் பரிசோதனை. நாடி பிடித்துப் பார்த்தவர் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார், மறுபடி உட்காரச் சொன்னார். மற்ற பையன்கள் ஒவ்வொருவராக உள்ளே போக, மாமாவின் நெஞ்சு மட்டும் இன்னும் ஓட்டத்தை முடிக்கவில்லை. கடைசியில், இப்போதைக்குத் தகுதியில்லை, ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனைக்கு வரலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

கறுப்பு மையில் மார்பில் எழுதிய ஓட்ட எண்ணோடு மாமா வீட்டுக்கு வந்தார். குளிக்கும்போது அந்த இடத்தைத் தேய்க்காமலே விட்டார். மறுபரிசோதனைக்குப் போகச் சொல்லி அப்பா திட்டினார், அம்மா அழுதாள். மாமா மாத்திரையை நிறுத்திவிட்டார், ஆனால் பயத்தை நிறுத்த முடியவில்லை.

"உள்ள என்னமோ ஆயிப்போச்சுக்கா. போனா அவங்க வாயால சொல்லிடுவாங்க. நான் போவல."

குறித்த நாள் வந்தது, போனது. அன்று அம்மா ஜன்னலில் இருந்த தோலைத் தாம்பாளத்தோடு கொண்டுபோய்க் கொட்டினாள். அதன்பிறகு எங்கள் வீட்டுக்குள் நாரத்தங்காய் வரவில்லை.

மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார். கல்யாணம் வேண்டாம் என்றார், இந்த நெஞ்சை நம்பி ஒரு பெண்ணைக் கூட்டி வரமாட்டேன் என்று. எப்போதாவது புனே வந்தால் மாடிப்படியின் பாதியில் நின்றுவிடுவார். யாரோ கதவைத் தட்டும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்து, கண் எங்கோ நிலைகுத்தி நிற்கும். பகல் வேளையில்கூட அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். எதைக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்டதே இல்லை.

இப்போது தாலீம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். எங்கள் வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். பாவு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

போன வருடம் மாமா வந்திருந்தபோது, அம்மாவும் நானும் கட்டாயப்படுத்தி அவரைப் புனேயிலேயே ஔந்து பகுதியில் ஒரு இதய டாக்டரிடம் கூட்டிப்போனோம். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, பழைய கதையையும் கேட்டுவிட்டு, டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்தத் தோலில் நெஞ்சைத் துரத்தும் ஒரு பொருள் உண்டாம். ஊறுகாயாக ஒரு துண்டு தின்றால் அது பெரிய விஷயமில்லை, மாத்திரையில் அதையே சாறு இறக்கிச் சுண்டவைத்து அடைப்பார்கள், அதோடு காபியும் வெறும் வயிறும் சேர்ந்தால் நாடி எகிறும், சிலருக்கு ஆபத்தாகவும் முடியும். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் தொடவே கூடாது. உடம்பு இளைக்கும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது என்றார். நாக்கில் ஒன்றுபோலக் கசப்பதெல்லாம் உடம்புக்குள் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை, பிள்ளைகளே. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன்.

மாமாவின் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. மாத்திரையை விட்ட சில நாளிலேயே எல்லாம் சரியாகியிருக்கும் என்றார் டாக்டர்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார் மாமா. அப்புறம் அம்மா பக்கம் திரும்பினார்.

"அப்போ அன்னிக்கு நான் போயிருக்கலாம் இல்லக்கா?"

அம்மா முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்து, வாசலில் கிடந்த தம்பியின் செருப்புகளை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தாள்.