கனத்துப்போன ஸ்டியரிங்கோடு மோரிப் வரை

மோரிப் கடற்கரைக்குக் காரில் போக எந்த வழி நல்லது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலில் அங்கே போனது தொண்ணூறுகளின் நடுவில், என் தங்கை மலரின் காரில். கடல் பார்க்கப் போகவில்லை. அவள் காரின் பவர் ஸ்டியரிங்கில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கப் போனோம்.

மலர் அப்போது வங்கி வேலையில் இருந்தாள். சொந்தச் சம்பளத்தில் ஒரு சின்னக் கார் வாங்கி, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே நிறுத்தி, ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் பழைய காரைத் திருப்பினால் எனக்குத் தோள் வலிக்கும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

சில மாதங்களில் அந்த ஸ்டியரிங் தொல்லை கொடுத்தது. நன்றாக ஓடிச் சூடானதும், மெதுவாகத் திரும்பும்போது முனகும். பிறகு கல்லாய்க் கனக்கும். பட்டறையில் பம்ப்பையே மாற்றினார்கள். மறுவாரம் அதே முனகல். அதிலிருந்து என் கணவர் சேகருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கார்தான். எங்கள் காரின் கண்ணாடி ஆறு மாதமாக இறங்கவில்லை. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தூரமாக ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். மலர் ஓட்ட, அவர் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பின்சீட்டில் நானும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களும். கிள்ளான் வரை முப்பது கிலோமீட்டர், கூட்டரசு நெடுஞ்சாலை. அவர்கள் இருவரும் பம்ப், பெல்ட் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, தண்ணீர் போத்தல் எங்கே என்று.

பந்திங் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் ஸ்டியரிங் கனத்தது. எதிரே எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. மலர் முழு பலத்தோடு இழுத்தும் கார் பாதிதான் திரும்பியது. லோரிக்காரர் புல்லில் இறக்கி ஒதுங்கியதால் பிழைத்தோம். அவள் காரை ஓரம் கட்டி இறங்கிவிட்டாள்.

"என்னால முடியல மாமா. அக்கா, நீ உக்காரு."

அப்படித்தான் முதல்முறை அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எஞ்சின் ஓட, அவர் முன்பக்கம் தூக்கி, ஸ்டியரிங் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். உள்ளே இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ போல நுரை. சொட்டுகூடக் கசியவில்லை. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார். அவர் சொன்னபடி நான் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். திடீரென்று கைக்குள் பாரம் கரைந்தது.

"இப்ப லேசாயிருச்சுங்க."

கையை எடுத்தார். கனத்தது. பிடித்தார். மறுபடி லேசானது.

"எண்ணெய் வெளிய வரல. காத்து உள்ள போகுது" என்றார். கிண்ணத்திலிருந்து பம்ப்புக்குப் போகும் குழாயின் முனை பழசாகிக் கெட்டிப்பட்டு, கிளிப் தளர்ந்திருந்தது. பம்ப்பை மாற்றியவர்கள் பழைய குழாயையே மாட்டிவிட்டிருந்தார்கள்.

மெதுவாக உருட்டிப் பந்திங் சேர்ந்தோம். ஒரு உதிரிப்பாகக் கடை திறந்திருந்தது. குழாயும் கிளிப்பும் பத்து ரிங்கிட்கூட ஆகவில்லை. அவர் மாட்டி எண்ணெய் ஊற்ற, நுரை அடங்கும்வரை ஸ்டியரிங்கை இந்த எல்லைக்கும் அந்த எல்லைக்குமாக நான்தான் திருப்பினேன்.

"மலர் நல்ல காராதான் பாத்து வாங்கியிருக்கா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நம்ம கார் கண்ணாடி ஆறு மாசமா இறங்கல."

"நீ சொல்லவே இல்லையே."

"இந்தக் காருக்கு மட்டும் உங்ககிட்ட யாரு சொன்னா? சத்தம் கேட்டே வந்தீங்கல்ல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். மலர் எங்கள் இருவரையும் பார்த்தாள். பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "மோரிப் வரைக்கும் நீயே ஓட்டுக்கா."

ஓட்டினேன். பதினைந்து கிலோமீட்டர், இரு பக்கமும் செம்பனை. கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது. அவர்கள் இறங்கி நடந்தார்கள். நான் நிறுத்துமிடத்திலேயே இன்னும் இரண்டு சுற்று வந்தேன்.

போகிறவர்களுக்கு: கடல் ஏறும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். பழைய கார் என்றால், எண்ணெய் கசியவில்லை என்பதற்காகக் குழாய்களை விட்டுவிடாதீர்கள். நுரை இருந்தால் எங்கோ காற்று நுழைகிறது.

கண்ணாடியை மறுவாரமே சரிசெய்தார். என் வயிற்றெரிச்சல் அதோடு தீரவில்லை. மலர் இன்றும் என்னைவிட நல்ல கார்தான் வைத்திருக்கிறாள். ஆனால் எங்கே கூப்பிட்டாலும் போகிறேன். பாதி வழி ஓட்டத் தருவாள்.